மூன்று பேருக்கு ஒரு கோட்டு

இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து நான்கு மாதம் கழித்துத்தான் நான் பலெர்மோவைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த நகரம் ஐந்து விரல்களுக்குள் அடங்கிவிடும்: சின்யோராவின் வீடு, கீழே பாண் சுடும் கடை, மூலையில் மருந்துக்கடை, குப்பை போடும் இடம், எதிர்மாடியில் கிளி வளர்க்கும் மனிதரின் பல்கணி. வீடு லிபெர்த்தா தெருவில் நாலாம் மாடி. எண்பது தாண்டிய வீட்டுக்கார அம்மாவான சின்யோராவை எழுப்புவது, குளிப்பாட்டுவது, நடத்துவது, படுக்க வைப்பது என் வேலை. பெர்மெசோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், கைக்கு வரும்வரை தெருவில் அதிகம் திரிய வேண்டாம் என்று அவருடைய மகள் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் திரிந்திருக்கமாட்டேன். பயம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை பெர்மெசோ வந்தது. மகள் வந்து தாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் அந்த ஞாயிறு முழுநாளும் எனக்கு விடுமுறை. உடனே கட்டக்கொப்பியை எடுத்து ஒரு பட்டியல் எழுதினேன். சின்யோராவின் அலுமாரியில் நகரத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் இருந்தது. மதியத்தில் அவர் தூங்கும்போது அதைப் பார்த்து, பழைய பலெர்மோவின் தெருக்களைக் கட்டத்தாளில் ஏற்கெனவே பென்சிலால் கீறி வைத்திருந்தேன். ஒருகாலத்தில் அரசர்கள் இருந்த தலைநகரம். பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு. எட்டாவதாக, பட்டியலின் அடியில், "அப்பாவுக்குப் போட்டோ" என்று எழுதினேன். உண்மையில் அதுதான் முதலாவது.

அப்பா ஓவசியராக இருந்தவர். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வாழ்நாள் முழுவதும் அளந்தவர். பெண்பிள்ளைகள் அதிகம் போகாத படவரைஞர் வகுப்புக்கு என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவர்தான். பலெர்மோவிலிருந்து அவருக்கு எழுதிய முதல் கடிதத்தில், எனக்குக் "கட்டடங்களோடு சம்பந்தப்பட்ட வேலை" கிடைத்திருப்பதாக எழுதிவிட்டேன். நான் துடைக்கிற நிலமும் கட்டடத்தில் ஒரு பகுதிதானே என்று எழுதும்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரைவிட்டு இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலில் அம்மாவோடு இருந்தார் அப்பா. அவர் சந்தோசப்படும்படி ஒரு செய்தியாவது போகட்டும் என்று நினைத்தேன். பதில் கடிதத்தில் அவர் கேட்டார்: "நீ வேலை செய்கிற மேசையில் இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பலகை என்ன அளவு? வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறதா?"

அந்தக் கடிதத்தை நான் காட்டியது ஒரேயொரு ஆளுக்கு. என்னோடு அதே வகுப்பில் படித்து, எனக்கு ஒன்றரை வருடம் முந்தி இங்கே வந்த என் சிநேகிதி. மணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீடுகள் துப்புரவாக்கும் வேலை அவளுக்கு. அவளுடைய தாய் தகப்பனும் கிளிநொச்சியில்தான், எங்கள் கொட்டிலுக்கு நாலு கொட்டில் தள்ளி. கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப்போடுறாய்? ஞாயிற்றுக்கிழமை செய்வம்" என்றாள். "புதன்கிழமை கொழும்புக்கு ஒரு ஆள் போறார். அவரிட்டைக் குடுத்துவிடலாம்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மரங்கள் நிரைக்கு நின்ற அகலமான தெருவில் நடந்தோம். இரண்டு பொலிஸ்காரர் எதிரே வந்தார்கள். என் கை தானாகப் பைக்குள் போய் பெர்மெசோவைத் தொட்டது. அவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த பெரிய நாடக அரங்கின் முன்னால் நின்று அதன் தூண்களை எண்ணினேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்பவே எண்ணத் தொடங்கினால் பின்னேரம்வரைக்கும் இதிலைதான் நிற்போம். அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறா."

அக்கா மன்னார்க்காரி. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் என் சிநேகிதியும் அவரும் சேர்ந்து இருந்தார்கள். நகரத்தில் நாலு பழைய மாளிகைகளின் படிகளைக் கழுவுவது அவருடைய வேலை. அக்காவின் ஞாயிறு பூசை முடிந்து, மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவால் அந்த அறைக்குப் போனபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கோட்டு தொங்குவதைக் கண்டேன். கடும் சிவப்புக் கம்பளி. கழுத்தைச் சுற்றி மயிர்ப்பட்டி. யாரோ ஒரு சின்யோரா அக்காவுக்குக் கொடுத்தது.

"இதுதான் போட்டோக் கோட்டு" என்றாள் சிநேகிதி. "இஞ்சை இருக்கிற எங்கடை பெட்டையளிலை பாதிப்பேர் இதைப் போட்டுத்தான் வீட்டுக்குப் போட்டோ அனுப்பினவை."

"குளிருக்குப் போடுறதில்லையோ?" என்று கேட்டேன்.

"குளிருக்குப் போட்டால் பழுதாப்போமெல்லே" என்றார் அக்கா.

எனக்கு அது பெரிது. அக்கா பின்பக்கம் துணியை இழுத்து உடுப்புக் காயப்போடும் நாலு கிளிப் மாட்டினார். முன்னுக்குப் பார்த்தால் எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. பின்னுக்கு முள்ளம்பன்றி. "திரும்பாதை, அவ்வளவுதான்" என்றாள் சிநேகிதி.

சிநேகிதியின் கமெராவில் பன்னிரண்டு படம் மிச்சம் இருந்தது. ஆளுக்கு நாலு. கோட்டை ஒரு பையில் மடித்து வைத்து, நிற்கிற இடத்தில் எடுத்துப் போட்டுக் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. போட்டவர் வியர்த்துக்கொண்டு சிரிக்க, மற்ற இருவரும் நெற்றியைத் துடைத்துவிடுவோம்.

முதலில் கத்தெட்ராலே, நகரத்தின் பெரிய தேவாலயம். உள்ளே நிலத்தில் ஒரு நீளமான பித்தளைக் கோடு பதித்திருந்தது. கூரையில் உள்ள சிறு துவாரத்தால் நடுப்பகலில் வெயில் அந்தக் கோட்டில் விழும், எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து மாதத்தைச் சொல்லலாம் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். குந்தியிருந்து விரலால் தடவிப் பார்த்தேன்.

"பிள்ளை, கும்பிட வந்த இடத்திலையும் நிலத்தையே பாக்கிறாய்" என்றார் அக்கா. "துடைக்கச் சொல்லி ஆரும் கேட்டவையோ?"

"வெயில் விழுற இடம் பாக்கிறன் அக்கா."

"வெயில் எல்லா இடமும் விழும். எழும்பு."

சொன்னவர் தானும் குனிந்து கல்லைத் தொட்டார். "நல்ல கல்லு. இதுக்கு அசிட் காட்டக்கூடாது. வெறுந்தண்ணி போதும்." சிநேகிதி சைவக்காரி. ஆனாலும் இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் வெள்ளிப் பேழைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் நின்றாள். என்ன கேட்டாய் என்று நான் கேட்டதற்கு, "ஒரு ஆளின்ரை சுகத்துக்கு" என்றாள். ஆர் என்று சொல்லவில்லை.

பிறகு நாலு மூலையும் ஒரேமாதிரி வளைந்து நிற்கிற சந்தி. ஒவ்வொரு மூலையிலும் மூன்று தட்டில் சிலைகள். நான் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தபோது அக்கா மேலே பார்த்து, "இந்த மடிப்புக்குள்ளை இருக்கிற தூசியை ஆர் எடுக்கிறது?" என்று கேட்டார். மூவரும் அந்தச் சந்தியை அப்படித்தான் பார்த்தோம். எத்தனை யன்னல், எத்தனை விளிம்பு, ஏணி எங்கே வைப்பது. எனக்குப் படிப்பித்தவர்கள் ஒரு கட்டடத்தைப் பார்க்க மூன்று வழி சொல்லித் தந்திருந்தார்கள்: மேலிருந்து, முன்னிருந்து, வெட்டிப் பார்த்து. நாலாவது வழியை அக்காவிடம் அன்றைக்குப் பழகினேன்.

பக்கத்திலேயே பெரிய நீரூற்று. அதைச் சுற்றி வெள்ளைக்கல் சிலைகள், ஒன்றுக்கும் உடுப்பில்லை. கோட்டு அப்போது அக்காவின் முறை. அவர் மயிர்ப்பட்டியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சிலைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பின்னுக்கு ஒண்டும் விழாமல் எடு. அம்மா இதைப் பங்குச் சுவாமிக்குக் காட்டுவா."

"விழாமல் எடுக்கேலாது அக்கா, இஞ்சை எல்லாப் பக்கமும் நிக்கினம்."

"அப்ப என்ரை முகத்தை மட்டும் எடு."

"முகத்தை மட்டும் எடுக்கிறதெண்டால் அறையிலையே எடுத்திருக்கலாமே" என்று சிநேகிதி சொல்ல, அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அவள் அழுத்திவிட்டாள். பிறகு படம் கழுவி வந்தபோது பார்த்தால், அக்காவின் தோளுக்கு மேலால் ஒரு கல் மனிதர் இடுப்புவரை தெரிந்தார். அக்கா அந்தப் பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டி அனுப்பினார்.

வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போகும் வழியில் கடலைமாவைத் துண்டு துண்டாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்றார்கள். தெருவோரம் நின்று சாப்பிட்டோம். ஒரு கடி கடித்ததும், இதற்கு ஒரு பச்சைமிளகாய் இருந்தால் என்ற அதே எண்ணம் மூவருக்கும் வந்தது. அக்கா பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்தார். மூன்று பச்சைமிளகாய் இருந்தது. "நான் இஞ்சை வந்து ஆறு வருசம்" என்றார்.

என் பட்டியலில் ஆறு இடம் முடிந்திருந்தது. ஏழாவதை விட்டுவிட்டு எட்டாவதற்குப் போனோம்.

அது அக்கா படி கழுவுகிற மாளிகைகளில் ஒன்று. வெளியே சுவர் உரிந்து, ஒரு பல்கணிக்குத் தடி முட்டுக்கொடுத்திருந்தது. இரண்டாம் மாடியில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகம். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துப்புரவாக்குவதும் அக்காதான். பெரிய கதவின் திறப்பும் அலுவலகத்தின் திறப்பும் அவர் சட்டைக்குள் கயிற்றில் தொங்கின.

"அஞ்சு நிமிசம்" என்றார் அக்கா. "ஒண்டையும் தொடாதை. இருந்து, எடுத்து, எழும்பிறது."

"ஆரும் கண்டால் உங்கடை வேலை போயிடும் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை இவையள் சாப்பாட்டு மேசையாலை எழும்பவே நாலு மணியாகும். வா."

உள்ளே யன்னல் பலகைகள் சாத்திக் கிடந்தன. அக்கா ஒன்றைத் திறந்தார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்து மேசையில் விழுந்தது. சரிவான பலகை, அதில் ஒட்டுநாடாவால் ஒட்டிய தாள், பேனைகள் அளவு வாரியாக. பென்சில் சீவலும் மையும் கலந்த அந்த மணத்தை இழுத்து முகர்ந்தேன். கல்லூரியைவிட்டு வந்தபின் நான் பலகைக்கு முன்னால் இருக்கவில்லை. கதிரையில் இருந்தேன். கோட்டைப் போட்டுவிட்டு அக்கா கிளிப் மாட்டினார்.

"கையைப் பலகையிலை வை" என்றாள் சிநேகிதி.

வைத்தேன். குளோரின் தண்ணீரில் வெடித்த விரல்கள் அந்த வெள்ளைத் தாளுக்கு மேல் வேறு யாருடையவோ மாதிரிக் கிடந்தன. மடக்கிக்கொண்டேன். இடப்பக்க விளிம்பில் வைத்துக் கோடு கீறவேண்டிய டீ ஸ்குவயர் பலகையின் வலப்பக்கத்தில் சாத்தியிருந்தது. எடுத்து இடப்பக்கம் வைக்கக் கை போனது. ஒண்டையும் தொடாதை என்று சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

"சிரி" என்றாள். சிரித்தேன். எடுத்தாள். யன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, நாங்கள் வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாளைக்குப் படி கழுவ வாளியில் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் எடுத்து வைக்கிறேன் என்று அக்கா கீழே போனார். நாங்கள் இருவரும் படியில் இருந்தோம். சிவப்புக் கல்லால் கட்டிய படி, நடுவில் தேய்ந்து, தண்ணீர் தேங்கிய மாதிரி மினுங்கியது. கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தேன்.

"நீயும் அந்தக் கதிரையிலைதான் இருந்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம். போன வருசம். இதே கோட்டு."

"வீட்டிலை என்ன சொன்னவை?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "முதல் கடிதத்திலை, முதலாளி எப்படியெண்டு கேட்டவை. நல்ல மனிசன், கண்ணாடி போட்டிருப்பார் எண்டு எழுதினன். பிறகு, அவர் என்ன கீறத் தந்தவர் எண்டு கேட்டவை. எனக்கு ஒண்டும் வரேல்லை. அவருக்குத் தடிமன், கந்தோருக்கு வரேல்லை எண்டு எழுதிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலையும் அந்த மனிசனுக்கு ஏதாவது வருத்தம். போனமுறை நெஞ்சுச் சளி."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதை. அம்மா அவருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. சுகமானவுடனை பொங்குறாவாம். அரிசிக்கு லைனிலை நிக்கிற மனிசி." அவள் படியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "காலமை மெழுகுதிரி அவருக்குத்தான் கொளுத்தினனான். கெதியாச் சுகமாகட்டும், இந்தக் கதை முடியட்டும் எண்டு."

கீழே அக்கா வாளியை நிரப்புகிற சத்தம் கேட்டது. சும்மா இருக்க எனக்கு முடியாது. குனிந்து படியைச் சாணால் அளக்கத் தொடங்கினேன். போகிற வீடெல்லாம் அப்பா செய்கிற வேலை அது. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய அன்று என் கையை அடிமட்டத்தில் விரித்து வைத்து, உன் சாண் இவ்வளவு, இது எப்போதும் உன்னிடம் இருக்கும் என்று சொல்லித் தந்தார். எட்டு அங்குலம் என்று ஞாபகம். கால் வைக்கிற அகலம் இரண்டு சாண். உயரம் ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. பதின்மூன்று படிக்கு ஒரு தட்டு. ஏறுவதற்கு எவ்வளவு சுகமான படி என்று விளங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்று அடுத்த படிக்குப் போனேன். அக்கா மேலே வந்து வாளியை எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அளந்து முடிச்சால் அப்படியே கழுவியும் விடு" என்றார்.

"றீலிலை கடைசி ஒண்டு கிடக்கு. முடிச்சுவிடுறன்" என்று மேலே எங்கேயோ சிநேகிதியின் குரல் கேட்டது. நான் நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், கழுவின படங்களைச் சின்யோராவின் வாசலில் கொண்டுவந்து தந்துவிட்டு அவள் அடுத்த வீட்டு வேலைக்கு ஓடினாள். என்னுடையவை நாலு. இரண்டை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் குசினி மேசையில் அருகருகே வைத்தேன்.

முதலாவதில் நான் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். நல்ல வெளிச்சம், நல்ல கோட்டு, கைகள் மடங்கியிருப்பதால் விரல்கள் தெரியவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றதில் ஒரு பெண் வெறுங்காலோடு முழங்காலில் நின்று படியில் கையை விரித்துப் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் நீல வாளி. முகம் பாதிதான் தெரிகிறது. அந்தப் பாதி முகத்தில் நான் எதையோ எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மாதத்தில் எடுத்த படங்களில் எனக்கு என்னை அடையாளம் தெரிந்தது அதில் மட்டும்தான்.

அவளுடைய அம்மா அரிசி லைனில் நிற்பதை நினைத்தேன். கொட்டில்கள் நாலுதான் இடைவெளி. அடுத்த கடிதத்தில் அப்பா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பலகையின் அளவு, தாளின் அளவு, எந்தக் கட்டடம், எத்தனை மாடி. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் கட்டவேண்டும். அப்பா அதைச் சரிபார்ப்பார்.

சின்யோராவுக்குச் சூப் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுக் கட்டத்தாளில் எழுதினேன். அப்பா, நான் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் குளிப்பாட்டுகிறேன், நிலம் துடைக்கிறேன், சமைக்கிறேன். அவர் என்னிடம் அன்பாக இருக்கிறார். முதல் கடிதத்தில் எழுதியது சரியில்லை. பலகை எனக்கு இங்கே இல்லை. இது ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு மாளிகையின் படி, அளவுகள் கீழே. கடைசியில் படியின் வெட்டுமுகத்தைக் கீறி, சாணால் அளந்தது என்று அடியில் குறித்தேன். வாளியோடு இருக்கும் படத்தை உள்ளே வைத்து ஒட்டினேன். புதன்கிழமை அது போய்விட்டது.

பதில் வரப் பதினொரு கிழமை சென்றது. அந்தப் பதினொரு கிழமையும் நான் பட்டியல் ஒன்றும் எழுதவில்லை.

கடிதத்தை என்னால் தனியாகத் திறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பல்லரோ அறைக்குக் கொண்டுபோனேன். சிநேகிதி கட்டிலில் இருந்தாள். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. கொட்டிலுக்குப் புதிதாய்க் கிடுகு போட்டாயிற்று. பிறகு: "படியின் அகலம் பதினாறு அங்குலம் என்று கீறியிருக்கிறாய். உன் சாண் எட்டு அங்குலம் இல்லை. ஏழே முக்கால். உன் கையை அளந்தது நான். அகலத்தைப் பதினைந்தரை என்று திருத்து, உயரத்தையும் பார். ஆனால் பதின்மூன்று படிக்கு ஒரு தட்டு வைத்தவன் வயதானவர்களை நினைத்துக் கட்டியிருக்கிறான். நீ பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு முழங்கால் நோவு இருந்தால், படி ஏறும்போது நீ அவருக்கு ஒரு படி கீழே நில், மேலே நிற்காதே."

வேலையைப் பற்றி அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன்.

"வாளிக்குப் பக்கத்தில் மடித்துக் கிடக்கிற சிவப்புக் கோட்டு, உன் சிநேகிதி போன வருடம் அனுப்பிய படத்தில் போட்டிருந்ததுதானே. மயிர்ப்பட்டியில் ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது, இதிலும் அப்படியே. அவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்கே யோசித்தேன், கோட்டைப் போட்டுக்கொண்டு யாரும் படம் கீறமாட்டார்கள், டீ ஸ்குவயரும் பிழையான பக்கத்தில் நிற்கிறதென்று. அவர்கள் வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அந்தப் பிள்ளை சொல்லவேண்டியது. தாய் பொங்கலுக்கு அரிசி சேர்க்கிறா என்று மட்டும் அவளிடம் சொல்லு."

அக்கா எழுந்து போய் ஆணியில் தொங்கிய கோட்டின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "உண்மைதான், பிரிஞ்சிருக்கு" என்றார். "ஆறு வருசமாக் காணேல்லை." ஊசியையும் நூலையும் தேடத் தொடங்கினார்.

சிநேகிதி கட்டிலை விட்டு எழும்பி வந்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"உன்ரை கொப்பியிலை ஒரு தாள் கிழிச்சுத் தா" என்றாள். "கட்டம் போட்டதெண்டாலும் பறவாயில்லை."

நான் இரண்டு தாள் கொடுத்தேன்.